கேள்வித்தாளும் ஜாதகமும்

மனிதன் தன்னைப்பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுவது குற்றமல்ல. ஆனால் அந்த ஆசையை முதலாக வைத்து நமது நாட்டில் நடக்கிற வியாபாரம் கொஞ்சநஞ்சமல்ல. கைரேகை பார்க்கிறவன், கிளி ஜோசியன், ஏடு பார்க்கிறவன், குறி சொல்லுகிறவன், பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி அதிர்ஷ்டம் வரவழைக்கிறவன் ஆகிய இத்தனை பேருக்கும் சோறு போடுவது "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்கின்ற ஒரே கேள்விதான். இப்போது இந்தக் கடைகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சரக்கு வந்திருக்கின்றது. அதுதான் கைப்பேசியில் வரும் கேள்வித்தாள். வயது வந்த ஆணோ பெண்ணோ தாமே அதற்கு விடை போட்டு, கடைசியில் வரும் மார்க்கைப் பார்த்து, தம்மிடம் ஆட்டிசம் என்கின்ற தன்மை இருக்கின்றதா என்று மதிப்பிட்டுக்கொள்ளலாமாம். இதையும் கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டோடு சேர்த்து ஒதுக்கிவிடலாமா, அல்லது சீமையிலிருந்து வந்த விஞ்ஞானம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டால், இரண்டும் பகுத்தறிவுக்கு அழகல்ல என்பதே நமது அபிப்பிராயம்.

இதை எழுத நேர்ந்த காரணம் நமக்கு வந்த ஒரு கடிதமாகும். எழுதியவர் 31 வயதுள்ள தோழர். ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவர். கல்யாண வீட்டில் மேளச் சத்தமும் கூட்டமும் சேர்ந்தால் தலை வெடித்துவிடும் போலிருந்து வெளியே வந்து நின்றுவிடுவாராம். எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேச வராதாம். முன்பிருந்த கடையில் முதலாளி ஒரு நாள் கோபத்தில் "நாளைக்கு நீ வராவிட்டாலும் குடி முழுகிவிடாது" என்று சொல்ல, இவர் அதை விடுமுறை என்று எண்ணி மறுநாள் வீட்டில் இருந்துவிட்டார், வேலை போய்விட்டது. ஆனால் நாலு வருஷக் கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தாலும் எந்தப் பக்கத்தில் உதைக்கிறது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாராம். ஊரில் இவருக்கு வழங்கும் பெயர் "ராங்கிக்காரன்." வீட்டார் கையில் மூன்று மந்திரித்த கயிறு கட்டியிருக்கிறார்கள், ஒரு கோவிலில் பத்து நாள் படுக்கவும் வைத்திருக்கிறார்கள். ஒன்றும் பலிக்காமல் போகவே, இப்போது ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். இதற்கிடையில் இவர் 50 கேள்விகள் உள்ள ஒரு தாளுக்கு விடை போட்டு 34 மார்க்கு வாங்கியிருக்கிறார். "இது மெய்தானா? மெய்யென்றால் பெண் வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா?" என்று கேட்கிறார்.

ஆட்டிசம் என்பதைத் தமிழில் "மதி இறுக்கம்" என்று எழுதுகிறார்கள். இந்தச் சொல் நமக்குப் பிடிக்கவில்லை. மதி எங்கும் இறுகிவிடவில்லை. பிறவியிலேயே மூளையின் வளர்ச்சி வேறு ஒரு தினுசாக அமைவதுதான் ஆட்டிசம். பிறரோடு பேசிப் பழகும் முறையில் சிறு பிராயம் முதல் வித்தியாசம் இருக்கும். செய்ததையே ஒரே ஒழுங்கில் செய்ய விரும்புவது, ஒரு விஷயத்தில் ஆழ்ந்துபோவது, சத்தமோ வெளிச்சமோ துணியின் உரசலோ தாங்க முடியாமலிருப்பது போன்றவையும் இருக்கும். இவையெல்லாம் சேர்ந்து அன்றாட வாழ்க்கையில் தொல்லை கொடுக்குமானால்தான் வைத்தியர்கள் அந்தப் பெயரை வைக்கிறார்கள். சிலருக்குப் பேச்சே வராது. ஆயுள் முழுவதும் ஒருவர் துணை வேண்டும். வேறு சிலர் பட்டம் பெற்று உத்தியோகமும் பார்க்கிறார்கள். நாம் இங்கு பேசுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையாரைப் பற்றி.

இது ஏதோ கைப்பேசி வந்த பிறகு முளைத்த வியாதி என்று சிலர் சொல்லுகிறார்கள். 1925ல் மாஸ்கோவில் சுகரேவா என்னும் பெண் வைத்தியர் இப்படிப்பட்ட ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதினார். 1943ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி ஆட்டிசம் என்ற பெயரை இதற்கு நிலைநாட்டினார். 1944ல் வியன்னாவில் ஆஸ்பெர்கர் எழுதினார். இந்த ஆஸ்பெர்கர் நாஜி ஆட்சியின் கீழ் பிள்ளைகளைக் கொலைக்களமாக இருந்த ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதில் பங்கு கொண்டவர் என்பது 2018ல் தஸ்தாவேஜுகளோடு வெளியாயிற்று. அவர் பெயரால் வழங்கிய தனிப் பிரிவை அதற்கு முன்பே, 2013ல், அமெரிக்க மனநோய் வைத்தியர்கள் தங்கள் கைநூலிலிருந்து எடுத்து ஆட்டிசம் என்னும் ஒரே தலைப்பில் சேர்த்துவிட்டார்கள்.

காரணம் கண்டுபிடிப்பதில் படித்தவர்கள் அடித்த கூத்தும் நம்மூர்ப் பூசாரியின் கூத்துக்குக் குறைந்ததல்ல. இங்கே முன்ஜன்ம கர்மம் என்றார்கள். அங்கே தாயின் கர்மம் என்றார்கள். அதாவது தாய் அன்பில்லாமல் பனிக்கட்டி போல் இருந்ததால் பிள்ளை இப்படி ஆயிற்று என்று சொல்லி, எத்தனையோ ஆயிரம் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள். பெட்டல்ஹைம் என்பவர் 1967ல் இதையே ஒரு பெரிய புத்தகமாக எழுதிப் புகழும் பெற்றார். இதற்கு 1964லேயே ரிம்லாண்ட் என்பவர் மறுப்பு எழுதியிருந்தார். அவர் ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளையின் தகப்பனார். 1977ல் ஃபோல்ஸ்டீன், ரட்டர் என்ற இருவர் 21 ஜோடி இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவாக உண்டான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. ஒரே வீடு, ஒரே தாய், ஒரே வளர்ப்பு. வேறுபட்டது பரம்பரை அணுக்கள்தான். இதற்கு மேலும் தாயைத் திட்டுகிறவனை என்னவென்று சொல்லுவது? தடுப்பூசியால் வருகிறது என்று 1998ல் கிளப்பிவிட்ட கட்டுரையோ, 2010ல் அதை வெளியிட்ட பத்திரிகையாலேயே வாபஸ் வாங்கப்பட்டது.

நிற்க. வயது வந்தவர்கள் ஏன் இப்போது விழித்துக்கொண்டு தேடுகிறார்கள் என்றால், அவர்கள் பிள்ளையாக இருந்த காலத்தில் எவரும் பார்க்கவில்லை. பேசாத பிள்ளையைத்தான் வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். பேசுகிற, படிக்கிற பிள்ளையை வாத்தியார் பிரம்பாலும் தகப்பன் செருப்பாலும் திருத்தப் பார்த்தார்கள். லோர்னா விங் என்னும் ஆங்கிலேய வைத்தியர் 1981ல் எழுதிய பிறகுதான் இந்த இரண்டாவது வகையார் வைத்திய உலகத்தின் கண்ணில் பட்டார்கள். 2007ல் இங்கிலாந்தில் வீடு வீடாக எடுத்த கணக்கில், வயது வந்தவர்களில் ஏறக்குறைய 100க்கு ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாகத் தெரிந்தது. வயோதிகர்களிடத்திலும் வாலிபர்களிடத்திலும் விகிதத்தில் பேதமில்லை. கைப்பேசியைக் கண்ணாலும் காணாமல் வளர்ந்த கிழவர்களுக்கும் இருந்திருக்கிறது என்பதை, கைப்பேசி மேல் பழி போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

இனி மேற்படி தோழரின் 34 மார்க்குக்கு வருவோம்.

அந்த 50 கேள்வித் தாள் 2001ல் கேம்பிரிட்ஜில் சைமன் பாரன்-கோஹனும் அவருடைய கூட்டாளிகளும் தயாரித்தது. பழகும் திறம், கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, சின்னஞ்சிறு விவரங்களில் கவனம், பேச்சு, கற்பனை என்று ஐந்து தலைப்புகள். தலைப்புக்குப் பத்து கேள்வி. ஆட்டிசம் உள்ளவர்களென்று ஏற்கனவே தெரிந்த 58 பேரிடமும், பொதுஜனங்களில் 174 பேரிடமும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் கூட்டத்தின் சராசரி மார்க்கு 35.8, பொதுஜனங்களின் சராசரி 16.4. 32க்கு மேல் வாங்கியவர்கள் முதல் கூட்டத்தில் 100க்கு 80 பேர். பொதுஜனங்களில் 100க்கு 2 பேர். இதைக் கேட்டவுடன், "அப்படியானால் 34 வாங்கியவருக்கு 100க்கு 80 பங்கு நிச்சயம்" என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு நம்மோடு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தெருவில் போகிற 1000 பேரை அழைத்து இந்தத் தாளைக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுவோம். 100க்கு ஒருவர் வீதம் ஆட்டிசம் உள்ளவர்கள் 10 பேர். அவர்களில் 8 பேர் 32ஐத் தாண்டுவார்கள். 2 பேர் தவறிப்போவார்கள். மிச்சமுள்ள 990 பேரில் 100க்கு 2 வீதம் ஏறக்குறைய 20 பேர் தாண்டுவார்கள். ஆக, 32ஐத் தாண்டியவர்கள் 28 பேர். அவர்களில் ஆட்டிசம் உள்ளவர்கள் 8 பேர்தான். மீதி 20 பேர் வெட்கப்படுகிறவர்களாக இருக்கலாம், கவலைப்படுகிறவர்களாக இருக்கலாம், கூட்டம் பிடிக்காதவர்களாக இருக்கலாம். இது தெருவில் போகிறவர்களின் கணக்கு. பால்ய முதல் ஒரே விதமாக இடறி விழுந்து வந்திருக்கிற ஒருவர் அதே மார்க்கை வாங்கினால் அவருடைய கணக்கு வேறு. ஒரே 34, ஒருவருக்கு வெறும் எண். இன்னொருவருக்கு வைத்தியரிடம் போவதற்குத் தக்க காரணம். அந்த வித்தியாசத்தைச் சொல்லுவது தாளல்ல, அவரவர் வாழ்ந்த வாழ்க்கை.

அன்றியும், மார்க்குக் குறைந்தவர்கள் தப்பித்தோம் என்று இருந்துவிடவும் முடியாது. இங்கிலாந்தில் வைத்தியரின் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட வயது வந்தவர்களை வைத்து 2016ல் வெளியான ஆராய்ச்சியில், கேள்வித்தாளில் எல்லைக்குக் கீழே வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நேரில் பரிசோதித்தபோது ஆட்டிசம் உள்ளவர்களாகவே இருந்தார்கள். ஓயாத மனக்கவலை உள்ளவர்களுக்கு மார்க்கு ஏறிவிடுகிறது என்பதும் தெரிந்தது.

கேள்விகளையும் பாருங்கள். பெரும்பாலும் கேம்பிரிட்ஜ் வாடை அடிக்கிறது. விருந்துக் கூட்டத்திற்குப் போக விருப்பமா, நூல்நிலையத்திற்குப் போக விருப்பமா என்கின்ற தினுசில் கேட்டால், நூல்நிலையமே இல்லாத ஊரிலிருந்து வந்த தோழர் என்ன எழுதுவார்? நம் பெண்களுக்கோ இன்னும் கஷ்டம். ஆண்கள் நாலுக்குப் பெண் ஒன்று என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2017ல் பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தபோது மூன்றுக்கு ஒன்று என்றுதான் வந்தது. பெண்களைக் கண்டுபிடிக்கத் தவறுகிறார்கள் என்பதும் விளங்கிற்று. நம் வீடுகளில் ஒரு பெண் வாய் திறவாமல், நிமிர்ந்து பாராமல், மூலையில் உட்கார்ந்திருந்தால் அவளுக்குக் கிடைக்கும் பட்டம் "அடக்கமான பெண்." அவளுக்குள் என்ன வேதனை என்று கேட்கிறவன் யார்? சிரிக்க வேண்டிய இடத்தில் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்து, பேச வேண்டியதை முதல் நாளே மனப்பாடம் செய்து, மாலையில் களைத்துப்போய் விழுகிறவர்களை எந்தத் தாளும் எளிதில் பிடிப்பதில்லை.

ஜோசியத்துக்கும் இதற்கும் அப்படியானால் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்கலாம். 1948ல் அமெரிக்காவில் ஃபோரர் என்கின்ற ஆசிரியர் தம் மாணாக்கர்களுக்குக் குணப் பரீட்சை ஒன்று வைத்து, ஒரு வாரம் கழித்துத் தனித்தனியே குணவிவரம் எழுதிக் கொடுத்தார். அது எவ்வளவு பொருத்தம் என்று 5க்கு மார்க்குப் போடச் சொன்னார். சராசரி 4க்கு மேல் வந்தது. பிறகு பார்த்தால் எல்லோர் கையிலும் இருந்தது ஒரே குணவிவரம். அதுவும் பெரும்பாலும் கடையில் விற்கும் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த வாக்கியங்கள்! "உங்களுக்குள் வெளிவராத திறமை இருக்கிறது," "சில சமயம் சந்தேகம் வருகிறது" என்கிற ரகத்தில் சொன்னால் யாருக்குத்தான் பொருந்தாது? ஜாதகம் ஒருக்காலும் "நான் 100க்கு இத்தனை தடவை தவறுவேன்" என்று சொல்லாது. கேம்பிரிட்ஜ் தாளைச் செய்தவர்கள், அது எத்தனை பேரைத் தவறவிடுகிறது, எத்தனை பேரைத் தவறாகப் பிடிக்கிறது என்று அவர்களே எண்ணி அச்சிட்டார்கள். இது வியாதியை நிர்ணயிக்கும் கருவியல்ல என்றும் எழுதினார்கள். மற்றவர்கள் அதை மேலும் சோதித்துக் குறைகளை வெளியிட்டார்கள். தன் குறையைத் தானே சொல்லும் சங்கதிக்கும் தட்சிணை வாங்கிக்கொண்டு எழுந்துபோகும் சங்கதிக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஆனால் அந்தத் தாளை வாங்கித் தன் கடையில் மாட்டிக்கொண்டு, மார்க்கு வந்தவுடன் "எங்கள் மருந்தைச் சாப்பிடு, எங்கள் வகுப்பில் சேர்" என்று கூப்பிடுகிறவன் ஜோசியனே. ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து எதுவும் கிடையாது. துணி வெளுக்கும் காரத்தைப் போன்ற திராவகத்தைக் குடித்தால் போய்விடும் என்று விற்றவர்களும் உண்டு. குடிக்காதீர்கள் என்று அமெரிக்க அரசாங்க மருந்து இலாகா 2019லும் எச்சரிக்க வேண்டியிருந்தது.

கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியில் நமக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது வேறொன்று. அங்குள்ள மாணாக்கர்கள் 840 பேருக்கும் அதே தாளைக் கொடுத்தார்கள். 32ஐத் தாண்டியவர்களில் 11 பேர் நேரில் பேச இணங்கினார்கள். 7 பேரிடத்தில் ஆட்டிசத்தின் லட்சணங்கள் பொருந்தின. ஆயினும் ஒருவருக்கும் அந்தப் பெயரை வைக்கவில்லை. ஏனென்றால் ஒருவரும் தனக்குக் கஷ்டம் என்று சொல்லவில்லை. கணிதத்திலேயே மூழ்கிக் கிடப்பதும், கூட்டத்தோடு சேராமலிருப்பதும் அந்த இடத்தில் விசித்திரமாகக் கருதப்படவில்லை, மதிக்கவும் பட்டது. அதே தன்மைகளோடு நமது தோழர் ஜவுளிக் கடையில் வேலையை இழந்தார், ராங்கிக்காரன் என்று பெயர் எடுத்தார், கையில் மூன்று கயிறு கட்டிக்கொண்டார். கஷ்டத்தில் ஒரு பங்கு பிறவியில் இருந்தால், மற்றொரு பங்கு முதலாளியிடத்திலும் வீட்டாரிடத்திலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட ருஜு வேண்டுமா? சொல்லுவதைச் சுற்றி வளைக்காமல் நேராகச் சொல்லுவதற்கும், வேலையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதற்கும், மேளத்திற்கு அப்பால் ஒரு நாற்காலி போடுவதற்கும் என்ன செலவாகிவிடும்?

பெண் வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா என்று தோழர் கேட்கிறார். வீட்டாரிடத்தில் அல்ல, அந்தப் பெண்ணிடத்திலேயே சொல்ல வேண்டும் என்கின்றோம். கால்கட்டு என்கின்ற பேச்சே அயோக்கியத்தனமானது. பெண் என்ன மருந்தா, கட்டினவுடன் குணமாவதற்கு? ஆட்டிசம் உள்ளவர்கள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. செய்துகொண்டு சந்தோஷமாக வாழ்கிறவர்கள் உண்டு. தமக்கு எது வரும், எது வராது, எந்த நேரத்தில் தனியே இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்து, அந்தப் பெண்ணும் தன்னுடையதைச் சொல்லி, இருவரும் மனதொப்பிச் செய்துகொள்ளட்டும். பத்துப் பொருத்தம் பார்க்கிற வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் பெண் கிடைக்காது என்று தகப்பனார் கோபிப்பார். மறைத்து வைத்துக் கட்டிக்கொடுத்து, ஒரு வருஷத்தில் "புருஷன் என்னோடு பேசுவதே இல்லை" என்று அவள் அழுதுகொண்டு தாய் வீடு திரும்பும்போது அவர் என்ன பதில் வைத்திருக்கிறார்?

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டம் 2016ல் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. சர்க்கார் உத்தியோகத்தில் ஒதுக்கும் 100க்கு 4 இடங்களில் ஒன்று ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் முதலியவற்றிற்குச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அத்தாட்சிப் பத்திரத்துக்குப் பயன்படுத்தும் இந்திய அளவுகோல் 40 விஷயங்கள் கொண்டது. பெரும்பாலும் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது. 31 வயதில் கணக்கு எழுதிச் சம்பாதிக்கிறவரை அதனால் எப்படி அளப்பது? வயது வந்தவர்களுக்கென்று தமிழிலேயே, தமிழர் வாழ்க்கையிலிருந்தே கேள்விகள் எடுத்து, நம் மக்களிடத்தில் சோதித்து, அதன் தவறுகளையும் எண்ணி வெளியிட்ட ஓர் அளவுகோலைச் செய்து தரும் கடமை நமது வைத்தியக் கல்லூரிகளுக்கு உண்டு.

தோழரும் அவரைப் போன்றவர்களும் அதுவரையில் காத்திருக்க வேண்டியதில்லை. சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கத்திலும், பெங்களூரில் நிம்ஹான்ஸிலும் மனநல வைத்தியர்கள் இருக்கிறார்கள். முதலில் யோசனை மட்டும் கேட்க வேண்டுமானால் 14416 என்கின்ற எண்ணுக்குப் பேசலாம், காசில்லை. போகும்போது மார்க்கு வந்த தாளைக் கொண்டுபோங்கள். அதைவிட முக்கியமாக, நீங்கள் நாலு வயதில், ஐந்து வயதில் எப்படி இருந்தீர்கள் என்று சொல்லக்கூடிய தாயாரையோ, அத்தையையோ, மூத்த அக்காவையோ கூட அழைத்துக்கொண்டு போங்கள். சிறு பிராயத்து விவரம் இல்லாமல் எந்த நல்ல வைத்தியரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார். பள்ளிக்கூட ரிப்போர்ட்டு இருந்தால் அதுவும் உதவும். எந்தச் சத்தம் தாங்கவில்லை, எந்தப் பேச்சு விளங்காமல் என்ன நடந்தது என்று பத்து சம்பவங்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வைத்தியர் ஆட்டிசம் இல்லை, மனக்கவலை என்றும் சொல்லலாம். இரண்டும் சேர்ந்திருக்கிறது என்றும் சொல்லலாம். எதனால் அப்படிச் சொல்லுகிறீர்கள் என்று அவரைக் கேட்கத் தயங்க வேண்டாம். கையில் கட்டிய கயிறுகளை அறுத்துவிட்டுப் போனால் இரத்த அழுத்தம் பார்க்கிறவருக்குச் சௌகரியமாக இருக்கும்.